சஹ்யாத்ரியில் செலுத்திய சுங்கம்

மும்பையிலிருந்து கிழக்கே போகிற சாலை எதுவாயினும், உப்பங்கழிகளையும் கொங்கணத்து நெல்வயல்களையும் கடந்து இரண்டொரு மணி நேரம் சென்றதும், வடக்கிலும் தெற்கிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் நீண்டு குறுக்கே நிற்கும் ஒரு மலைச்சுவரின் எதிரில் வந்து சேர்ந்தே தீர வேண்டும். சஹ்யாத்ரி என்று புராணங்களும், மேற்குத் தொடர்ச்சி மலை என்று பூகோள புஸ்தகங்களும் சொல்லும் அந்தச் சுவருக்குக் கீழே கடலோரமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலம் கொங்கணம்; மேலே ஏறி நின்றால், கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து செல்லும் பரந்த பீடபூமி, மராட்டியர் 'தேசம்' என்று உரிமையோடு அழைக்கும் நாடு. கீழே துறைமுகங்களும் உப்பும் மீனும் தேங்காயும். மேலே தானியமும் பருத்தியும் அரசர்களின் தலைநகரங்களும். இவ்விரண்டையும் இணைப்பதற்கு மனிதர் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் செய்துவரும் முயற்சியே இந்தக் கணவாய்களின் சரித்திரம். அதைத் தெரிந்துகொண்டு இவ்வழியே பிரயாணம் செய்கிறவர், வளைவுக்கு வளைவு ஒரு நூற்றாண்டிலிருந்து மற்றொரு நூற்றாண்டுக்குப் போய் வருவார்.

பாதையைப் பற்றிச் சொல்லுமுன் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கே பாதையை வகுத்தது மலையே. எரிமலை என்றதும் கூம்பு வடிவமும், உச்சியில் ஒரு குழியும், அதிலிருந்து எழும் புகையும் நம் மனத்தில் தோன்றுகின்றன. சஹ்யாத்ரியில் அத்தகைய கூம்பு ஒன்றும் இல்லை. ஆயினும் உலகத்து மகா எரிமலைப் பிரதேசங்களுள் இது ஒன்று. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பாரத நிலப்பரப்பு இன்னும் ஆசியாவோடு வந்து சேராமல் தென்கடலில் தனியே வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், இன்று ரீயூனியன் தீவு இருக்கும் பக்கத்தில் பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த வெப்பம் அதன் மேலோட்டை நீண்ட வெடிப்புகளாகப் பிளக்க, அந்த வெடிப்புகளின் வழியே உருகிய பாறை வெளிப்பட்டு, தட்டில் ஊற்றிய வெல்லப்பாகு போலப் பரவி உறைந்தது. உறைந்ததன்மேல் மற்றொரு முறை, அதன்மேல் இன்னொரு முறை என்று எத்தனையோ முறை இது நிகழ்ந்தது. இன்று எஞ்சியிருக்கும் பரப்பே 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்கு விளிம்பில் அதன் கனம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய 1,646 மீட்டர் கல்சூபாயும் இந்த அடுக்குகளால் ஆனதே. ஆகவே இந்த நாட்டில் எரிமலை எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு, நீங்கள் நிற்கிற இடமே அது என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

கண்டாளா மலைச்சரிவில் சாலைக்காகப் பாறையை வெட்டிய இடம் ஒன்றின் அருகே சற்று நின்று பார்த்தால் இந்த அடுக்குகளைக் கண்ணெதிரே காணலாம். அடியில் இரும்பைப்போல் இறுகிய கரும்பாறை. அதன் மேற்பாகம் வரவரச் சல்லடையாகிறது. குழம்பு உறையும்போது அதற்குள் சிக்கிய ஆவி விட்டுப்போன துளைகள் அவை. பல துளைகளில் வெள்ளையும் இளம்பச்சையுமான படிகங்கள் ஊசி ஊசியாகவும் விசிறி விசிறியாகவும் படிந்திருக்கின்றன. அதற்கு மேல் ஒரு செந்நிறப் பட்டை: சில இடங்களில் ஒரு சாண், சில இடங்களில் ஓர் ஆள் உயரம். ஒரு குழம்பு உறைந்து, அதன்மேல் மண் உண்டாகி, அடுத்த குழம்பு வந்து அந்த மண்ணைச் சுட்டுவிட்டுப் போனதன் அடையாளம் அது. விரலால் தேய்த்தால் செம்பொடி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பட்டைக்கு மேல் மீண்டும் கரும்பாறை செங்குத்தாக எழுகிறது. மழை ஓய்ந்து நெடுநாள் ஆன பின்னும் அந்த இரண்டும் சேரும் இடத்தில் நீர் கசிந்து, பாசியும் பெரணியும் ஒரு கோடு இழுத்தாற்போல் வளர்ந்திருக்கும்.

இந்தக் கசிவுதான் சஹ்யாத்ரியில் மனிதன் குடியேறியதற்குக் காரணம் என்று சொன்னால் மிகையாகாது. இறுகிய அடுக்கு மழைநீரைத் தள்ளிவிடுகிறது. துளையும் வெடிப்பும் நிறைந்த அடுக்கு அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. இறுகிய அடுக்கு செங்குத்தான பாறைமுகமாக நிற்கிறது. இளகிய அடுக்கு தேய்ந்து, மேடையாக, நடக்கத்தக்க தட்டாக விரிகிறது. ஆகவே மலை முழுவதும் சுவரும் திண்ணையுமாக மாறி மாறி அமைந்திருக்கிறது. திண்ணைகளில் ஊரும் வயலும் ஊற்றும், சுவர்களின் உச்சியில் கோட்டைகள். நீரோடைகள் எங்கே ஒரு பழைய வெடிப்பைக் கண்டு சுவரை அரித்துப் பின்னோக்கிச் சென்றனவோ, அங்கே ஒரு வாயில் உண்டாயிற்று. மாடு மேய்ப்பவன் அந்த வாயிலைக் கண்டான். அவன் மாட்டின் பின்னே வர்த்தகன் போனான். வர்த்தகனின் பின்னே அரசனுடைய சுங்க அதிகாரி வந்து உட்கார்ந்தான். இந்தக் கணவாய்கள் எல்லாவற்றிலும் நிகழ்ந்த வரிசை இதுவே.

அந்த அதிகாரி உட்கார்ந்த இடங்களுள் மிகப் பழமையானதும், இன்றும் அப்படியே காணக்கிடைப்பதும் நாணேகாட் கணவாய். கொங்கணத்தில் முர்பாட் பக்கமாக ஏறி, மேலே ஜுன்னர் நகரை அடையும் இந்த வழி, கல்யாண், சோபாரா என்ற பழந்துறைகளைச் சாதவாகனர்களின் தலைநகரமாகிய பைடணோடு இணைத்தது. ஓடை அரித்த இடுக்கு ஒன்றில் கல் பாவிய படிகள் ஏறுகின்றன. நூற்றாண்டு நூற்றாண்டாகக் குளம்பும் காலும் பட்டு அந்தக் கற்களின் முகம் வழவழப்பாகிவிட்டது. உச்சிக்கு அருகே இடுக்கு திடீரென்று ஒடுங்குகிறது. பொதி ஏற்றிய மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே போக முடியும். அதைக் கடந்து மேலே வந்ததும் வழியோரத்தில் கல்லில் குடைந்த ஒரு பெரிய சாடி நிற்கிறது. கணவாயைக் கடக்கிற வர்த்தகர் செலுத்திய சுங்க நாணயங்களைப் போட்டுவைத்த சாடி அது என்பது அந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இடத்தைப் பார்த்தால் அதை நம்பாமல் இருப்பது கடினம்: அந்த இடுக்கில் நிற்கும் ஒரு காவலனுக்குத் தெரியாமல் ஓர் ஆடுகூட மேலே வர முடியாது.

இடுக்கின் அருகிலேயே ஒரு சதுரமான குகை இருக்கிறது. அதன் இடச்சுவரிலும் வலச்சுவரிலும் பிராமி லிபியில், பிராகிருத பாஷையில், ஒரு நீண்ட சாஸனம். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் பலர் கொள்ளும் இந்தச் சாஸனம், முதலாம் சாதகர்ணியின் பட்டத்தரசி நாகனிகையுடையது. தர்மன், இந்திரன், சங்கர்ஷணன், வாசுதேவன், சந்திர சூரியர், நான்கு திக்பாலர் ஆகியோருக்கு வணக்கம் சொல்லித் தொடங்கி, அரசனும் அரசியும் செய்த அசுவமேதம் முதலிய யாகங்களையும், அவற்றில் தக்ஷிணையாக அளித்த பசுக்களையும் குதிரைகளையும் யானைகளையும் கார்ஷாபண நாணயங்களையும் எண்ணிக்கையோடு அது வரிசைப்படுத்துகிறது. உலகம் முழுவதும் இன்று எழுதும் இலக்கங்களுக்கு மூதாதையரான எண் குறிகளை மிகப் பழைய உருவில் இந்தச் சுவரிலே காண்கிறோம். எண்ணுவதற்கு இதைவிடத் தக்க இடம் வேறு ஏது? கீழே சாடியில் விழுந்த காசுகள் மேலே யாகசாலையில் தக்ஷிணையாயின என்று எண்ணும்போது, ஒரு ராஜ்யத்தின் வரவும் செலவும் ஒரே கணவாயில் எழுதி வைக்கப்பட்டிருப்பதுபோல் தோன்றுகிறது.

பின்சுவரில் அரச குடும்பத்தின் உருவங்கள் செதுக்கப்பட்டிருந்தன. சிமுகன், சாதகர்ணி, நாகனிகை, அவளுடைய தந்தையாகிய மகாரதி, குமாரர்கள் என்று தலைக்கு மேல் பெயர் பொறித்து வரிசையாக நின்ற அவர்களில் இன்று எஞ்சியிருப்பவை பெயர்களும், கீழே சில பாதங்களுமே. நடுவுடல் முழுவதும் உதிர்ந்துபோயிற்று. இங்கே குடைந்த பாறை, மேலே சொன்ன துளை நிறைந்த வகையைச் சேர்ந்தது. நீரைக் காப்பதில் வல்லது, சிற்பத்தைக் காப்பதில் அத்தனை வல்லதன்று.

சாதவாகனர்களைத் தமிழர் அந்நியராக எண்ண வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் செங்குட்டுவனுக்கு நண்பராகக் கூறும் நூற்றுவர் கன்னர் இவர்களே என்று கருதுவோர் உண்டு. அதைவிட உறுதியான சான்றாக, அந்த வமிசத்தின் பிற்கால அரசர்கள் வெளியிட்ட சில வெள்ளி நாணயங்களில் ஒரு புறம் பிராகிருதமும் மறுபுறம் ஒரு தென்னாட்டு மொழியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த மறுபுறத்து மொழி தமிழே என்று ஐராவதம் மகாதேவன் முதலிய சாஸன அறிஞர் கொண்டனர்.

கணவாயின் மேல்முனையில் இருக்கும் ஜுன்னரைச் சுற்றி, நான்கு பக்கத்துக் குன்றுகளிலும் சேர்த்து 200-க்கு மேற்பட்ட பௌத்தக் குடைவரைகள் இருக்கின்றன. ஒரு கணவாயின் வர்த்தகம் எவ்வளவு செழிப்பாக நடந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. தானிய வியாபாரிகளின் சங்கம் ஒன்று ஏழு அறைக் குடைவரை ஒன்றும் நீர்த்தொட்டியும் கொடுத்தது. மூங்கில் வேலை செய்வோர், கன்னார் ஆகியோரின் சங்கங்களிடம் அறநிதி வைக்கப்பட்டது. யவனன் ஒருவன் இரண்டு நீர்த்தொட்டிகளைத் தானம் செய்தான். கடல் கடந்து வந்த யவனன், இந்த வறண்ட மேட்டுநிலத்தில் எது பெரிய தர்மம் என்பதைச் சரியாக அறிந்திருந்தான் என்பது என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. அந்தக் குன்றுகளில் ஒன்றான லேண்யாத்ரியில், பழைய பௌத்த விகாரை ஒன்று இன்று அஷ்ட விநாயகர் ஸ்தலங்களுள் ஒன்றாக விளங்குகிறது. மற்றொரு குன்றாகிய சிவநேரிக் கோட்டையில் 1630-இல் சிவாஜி பிறந்தார்.

தெற்கே இருக்கும் போர் காட் கணவாயும் அதே காலத்தில் பயன்பட்டதென்பதற்குக் கார்லே, பாஜே, பேட்சே குடைவரைகள் சாட்சி. மும்பையிலிருந்து புணே செல்லும் பிரயாணிகளில் பெரும்பாலோர் லோணாவளாவில் நின்று சிக்கி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் கார்லே சைத்தியம் என்னும் பௌத்தத் தொழுகை மண்டபத்தை நாடிப் போகிறவர் சிலரே. 38 மீட்டர் நீளமும் சுமார் 14 மீட்டர் உயரமும் கொண்ட அந்த மண்டபம், பாரதத்துச் சைத்தியக் குடைவரைகளில் மிகப் பெரியது. வைஜயந்தி நகரத்துச் சேட்டி பூதபாலன், ஜம்பு த்வீபத்திலேயே உத்தமமான கல்மாளிகை இது என்று பெருமையோடு பொறித்துவைத்திருக்கிறான். அந்தப் பெருமை சற்றும் தவறானதன்று. தூண்கள் பலவற்றைத் தனித்தனியே அளித்தவர்களுள் தேனுகாகடம் என்ற ஊரின் யவனர் பலர். எல்லாவற்றிலும் வியப்பானது கூரை: வில்போல் வளைந்த கற்கூரையின் அடியில், அக்காலத்தில் பொருத்திய தேக்குச் சட்டங்கள் இன்றும் இருக்கின்றன. வெளியே ஆண்டுதோறும் கொட்டும் பேய்மழையில் கல்லே கரைகிற நாட்டில், உள்ளே இருந்த மரம் இரண்டாயிரம் ஆண்டு நின்றது. குகையின் வாயிலிலேயே கோளி மக்களின் குலதெய்வமாகிய ஏகவீரா தேவியின் கோயில் இருக்கிறது. கடலில் மீன் பிடிக்கும் அந்த மக்கள் கொங்கணக் கரையிலிருந்து கூட்டம் கூட்டமாக மலையேறி வந்து அவளை வழிபடுகிறார்கள். பழைய வர்த்தக மார்க்கத்தில் வர்த்தகம் போன பின்னும் பக்தி அதே மார்க்கத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

லோணாவளா மேட்டில் பெய்யும் மழை ஓர் அடி இப்படியோ அப்படியோ விழுவதைப் பொறுத்து அதன் விதி மாறுகிறது. மேற்கே விழுந்தது உல்ஹாஸ் நதியில் இறங்கி விரைவிலேயே அரபிக் கடலில் கலந்துவிடும். கிழக்கே விழுந்தது இந்திராயணியாகி, துகாராமின் தேஹுவையும் ஞானேசுவரரின் ஆளந்தியையும் தொட்டு, பீமையோடும் கிருஷ்ணையோடும் சேர்ந்து தக்காணம் முழுவதையும் கடந்து வங்கக் கடலை அடையும். லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, அறுபத்தைந்து கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் புணேயில் சுமார் 700 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அங்கிருந்து கிழக்கே போகப் போக, அதே எரிமலைப் பாறை மக்கித் தந்த கரிசல் மண்ணில் பருத்தியும் சோளமும் விளைகின்றன. (நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வேறு வகைப் பாறையின் சந்ததி; நிறம் ஒன்று, பிறப்பு வேறு.) இந்தப் பருத்தியையும் தானியத்தையும் கீழே கொண்டுபோகவும், கொங்கணத்து உப்பை மேலே கொண்டுவரவும் நூற்றாண்டுக் கணக்கில் உழைத்தவர்கள் வணஜாரர்கள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு, மழைக்காலம் நீங்கலாக ஆண்டு முழுவதும் வழியிலேயே வாழ்ந்த அந்த மக்கள், தமக்கென்று ஒரு குகையும் குடையவில்லை, ஒரு சாஸனமும் எழுதவில்லை.

படைகளுக்கோ இந்த மலை ஒருபோதும் இணங்கியதில்லை. 1661-இல் முகலாய சேனாபதி சாயிஸ்தா கான் அனுப்பிய கர்தலப் கான் பெரும் படையோடு லோணாவளா மேட்டிலிருந்து கொங்கணத்துக்கு இறங்கியபோது, உம்பர்கிண்ட் என்ற காட்டு இடுக்கில் சிவாஜியின் ஆட்கள் முன்னும் பின்னும் வழியை அடைத்தார்கள். சுற்றிலும் உயர்ந்த பாறை, தாகத்துக்கு நீர் இல்லை. படையில் உடன் வந்திருந்த ராய்பாகன் என்ற வீரப்பெண்மணியின் யோசனையைக் கேட்டு, பொருளை எல்லாம் ஒப்படைத்து உயிரோடு திரும்பினான் கான். 1778-ஆம் ஆண்டின் இறுதியில் ரகுநாத ராவை மராட்டிய ராஜ்யத்தின் தலைமை மந்திரியாகிய பேஷ்வாவின் பீடத்தில் அமர்த்துவதற்காக மும்பையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படை, பீரங்கிகளையும் எண்ணற்ற மாடுகளையும் இழுத்துக்கொண்டு போர் காட்டில் ஊர்ந்து ஏறியது. மேலே ஏறுவதற்குள் மராட்டியர் தயாராகிவிட்டார்கள். கார்லேக்கு அருகே காப்டன் ஸ்டூவர்ட் என்ற தீரமுள்ள அதிகாரி மடிந்தார். தளேகாவ் ஏரியில் பீரங்கிகளை எறிந்துவிட்டுத் திரும்பிய படை, 1779 ஜனவரியில் வட்காவ் ஊரில் உடன்படிக்கை எழுதிக் கொடுத்துத் தப்பியது. எதிரியாக வந்து இறந்த அந்த ஸ்டூவர்ட்டை 'இஷ்டூர் பாகடா' என்று பெயர் சூட்டி அப்பகுதி மக்கள் இன்றும் வீரனாக நினைவுகூர்கிறார்கள். மராட்டியரின் இந்தப் பெருந்தன்மையை அவர்களுடைய வெற்றிகளைவிட நான் அதிகமாக மதிக்கிறேன்.

பேஷ்வா ஆட்சி வீழ்ந்தபின், மும்பைக் கவர்னர் சர் ஜான் மால்கம் 1830-இல் போர் காட்டில் வண்டிச்சாலை ஒன்றைத் திறந்துவைத்தார். அதற்கு முன் மாட்டின் முதுகிலும் மனிதனின் தோளிலும் ஏறியது, அன்று முதல் சக்கரத்தின்மேல் ஏறத் தொடங்கியது. பனவேல் வரையில் தோணி, அங்கிருந்து வண்டி என்று ஒரு தலைமுறைக் காலம் நடந்தது.

பிறகு ரயில் வந்தது. இந்தக் கணவாயின் சரித்திரத்தில் மிகவும் கனமான அத்தியாயம் இதுவே. ஜேம்ஸ் பெர்க்லி என்ற இஞ்சினீயரின் திட்டப்படி 1856-இல் தொடங்கிய வேலை, சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் 1,831 அடி ஏறுவதற்கு 25 சுரங்கங்களையும் எட்டுப் பெரிய பாலங்களையும் கேட்டது. ஏற்றம் சில இடங்களில் 37 அடிக்கு ஓர் அடி. நடுவே ஓரிடத்தில் ரயில் நின்று, எஞ்சின் மறுமுனைக்கு மாறி, வந்த திசைக்கு எதிர்த்திசையில் ஏற வேண்டியிருந்தது. கால் வைக்க இடமில்லாத பாறைமுகங்களில், உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆட்கள் துளையிட்டு வெடிமருந்து வைத்தார்கள். மற்ற நாடுகளில் மென்பாறையில் தோண்டிப் பழகியவர்களுக்கு இந்த எரிமலைப் பாறை விட்டுக்கொடுக்கவில்லை. அங்குலம் அங்குலமாகவே அது வழிவிட்டது. கூலி பாக்கியைக் கேட்டு 1859-இல் தொழிலாளர் கிளர்ந்தெழ, கலகம் மூண்டு, முதல் காண்ட்ராக்டர் வேலையை விட்டு நீங்கினார். அடுத்து ஏற்றுக்கொண்ட சாலமன் டிரெட்வெல் மலைக்கு வந்த சில நாட்களிலேயே நோய்க்கு இரையானார். அவருடைய மனைவி ஆலிஸ், கணவன் விட்டுப்போன காண்ட்ராக்டைத் தாமே ஏற்று, இரண்டு இஞ்சினீயர்களின் துணையோடு வேலையை முடித்துக் கொடுத்தார். 1861-இல் சுமார் 42,000 பேர் இந்தச் சரிவில் ஒரே சமயத்தில் வேலை செய்தார்கள். 1863 ஏப்ரல் 21-ஆம் தேதி கவர்னர் சர் பார்ட்டில் பிரியரின் முன்னிலையில் பாதை திறக்கப்பட்டது. திட்டமிட்ட பெர்க்லி அதைக் காண உயிரோடில்லை. முந்தின ஆண்டே மறைந்திருந்தார்.

அந்த ஏழாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் காலராவிலும் காய்ச்சலிலும் வெடிவிபத்திலும் பாறைச்சரிவிலும் மாண்ட கூலிகளின் தொகையை 25,000 வரையில் மதிப்பிடுவோர் இருக்கிறார்கள். அது சற்று மிகை என்று வைத்துக்கொண்டாலும், மாண்டவர் பல்லாயிரவர் என்பதில் ஐயமில்லை. கவர்னரின் பெயரும் இஞ்சினீயர்களின் பெயர்களும் காண்ட்ராக்டர்களின் பெயர்களும் நமக்குத் தெரிகின்றன. அந்தப் பல்லாயிரவரில் ஒருவருடைய பெயரையும் நாம் அறியோம். நாணேகாட்டில் வர்த்தகன் சாடியில் இட்டது காசு. போர் காட்டில் இவர்கள் இட்டது உயிர். சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து வெளிப்படும்போதெல்லாம் ஜன்னலோரத்துக் குழந்தைகள் மகிழ்ந்து கூவுகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அருகிலிருக்கும் பெரியவர்கள் இந்தச் செய்தியையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

எழுதாத சரித்திரத்தை மக்கள் தம் வழியில் காப்பாற்றுகிறார்கள். போர் காட்டின் பழைய சாலையில், ஏற்றத்தின் நடுவே, சிங்ரோபா என்ற தெய்வத்துக்கு ஒரு சிறிய கோயில் இருக்கிறது. சிங்ரோபா ஒரு தங்கர், அதாவது ஆடுமாடு மேய்க்கும் இடையர். வழி காணாமல் திகைத்த வெள்ளைக்கார இஞ்சினீயர்களுக்குத் தம் மந்தையை ஓட்டிக் காட்டி, மலை ஏறும் வழியை அவர் காண்பித்தாராம். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, என் நாட்டுக்கு விடுதலை வேண்டும் என்றாராம். அதைக் கேட்டுச் சினந்து அவரைச் சுட்டுக் கொன்றார்களாம். சாலைக்கு வழி காட்டியவர் என்று சிலரும், ரயிலுக்கு வழி காட்டியவர் என்று சிலரும் சொல்கிறார்கள். காகிதத்தில் இதற்கு ஆதாரம் தேடுவது வேறு விஷயம். ஆனால் மேய்ப்பவனின் கால் கண்ட வழியைத்தான் இஞ்சினீயரின் கருவி அளந்தது என்ற உண்மை இந்தக் கதையில் இருக்கிறது; அது சஹ்யாத்ரியின் எல்லாக் கணவாய்களுக்கும் பொருந்தும். லாரி ஓட்டுநர்கள் அந்தக் கோயிலைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாக ஒரு நாணயத்தை எறிந்துவிட்டுப் போகிறார்கள். அரசன் கேட்காமல், அதிகாரி அதட்டாமல், மனமுவந்து செலுத்தப்படும் சுங்கம் இந்த மலையில் இது ஒன்றுதான்.

1915 முதல் லோணாவளா ஏரிகளின் நீர் குழாய்களில் பாய்ந்து அடிவாரத்துக் கோபோலியில் மின்சாரமாகி மும்பை ஆலைகளை ஓட்டியது இந்த உயரத்தின் பயன். 1929-இல் புணே வரையில் மின்சார ரயிலும் ஓடத் தொடங்கியது. 2002-இல் முழுமை பெற்ற 94.5 கிலோமீட்டர் மும்பை-புணே விரைவுச்சாலை, மலையைச் சுற்றிக்கொண்டு போகாமல் அதன் ஊடே துளைத்துக்கொண்டு போகிறது. பாறை விழாதிருக்கச் சரிவுகளுக்கெல்லாம் கம்பிவலை போர்த்தியிருக்கிறார்கள். ஆயினும் மழைக்காலத்தில் கல் விழுவது நின்றபாடில்லை. செம்பட்டைக்கு மேலுள்ள பாறை அடியில் ஊறி இளகினால் மேலே எதுவும் நிற்காது என்பதை மலை அவ்வப்போது நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. கண்டாளாவில் இந்தச் சாலைக்குக் குறுக்கே, மால்கம் காலத்துப் பழைய கல்பாலம் ஒன்று நெடுநாள் நின்றது. அதன்மேல் இருந்த விளம்பரத்தால் அதற்கு அமிர்தாஞ்சன் பாலம் என்றே பெயர் நிலைத்தது. காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893-இல் மும்பையில் தொடங்கி, பின்பு சென்னைக்குக் கொண்டுவந்த அதே தலைவலி மருந்துதான். தூண்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று, ஊரடங்கால் சாலை வெறிச்சோடியிருந்த 2020 ஏப்ரலில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடைஞ்சல் உண்மைதான், எனினும் 190 ஆண்டு நின்ற கட்டிடத்தைப் பக்கத்தில் ஓரிடத்தில் கல் கல்லாக எடுத்து நிறுத்தியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

இவ்வழியே போக நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தேர்ந்துகொள்வது உத்தமம்; மழை ஓய்ந்திருக்கும், அருவிகள் வற்றியிரா. கோபோலியில் விரைவுச்சாலையை விட்டு விலகிப் பழைய சாலையில் ஏறினால் சிங்ரோபாவையும் பாறை அடுக்குகளையும் நிதானமாகப் பார்க்கலாம். கார்லேக்குக் காலையில் போக வேண்டும். கூட்டமும் குறைவு, ஏறுவதும் எளிது. அங்கிருந்து சாகண், நாராயண்காவ் வழியாக ஜுன்னரில் தங்கினால், மறுநாள் காட்கர் கிராமம் வரையில் வண்டியிலேயே சென்று நாணேகாட்டின் தலைவாயிலில் இறங்கிவிடலாம். நடக்கக் கூடியவர்கள் மட்டும் அடிவாரத்து வைசாகரே பக்கமிருந்து, மூட்டை சுமந்த வர்த்தகர்கள் ஏறியபடியே, படிவழியில் ஏறுவதுதான் முறை. குடிநீர் எடுத்துச் செல்ல வேண்டும். குகையருகே பழைய தொட்டிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் இறங்கிக் கைகால் கழுவுகிற வழக்கம் நம்மவரிடம் இருப்பதால் அந்த நீரை நம்ப முடிவதில்லை. சாஸனச் சுவரைக் கையால் தடவிப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். உதிர்ந்தது போக எஞ்சியிருக்கும் எழுத்துகள் கொஞ்சமே.